திருவரங்குளத்துத் திருமேனியும் திருக்கோயிற் காப்பும்

புதுக்கோட்டை நகரினின்றும் ஆலங்குடிக்குச் செல்லும் வழியில் திருவரங்குளம் என்னும் சிவத்தலம் விளங்குகின்றது. அரன் குளம் என்பதே அரங்குளம் என வழங்கிற்று. வடமொழியாளர் இதனை ஹரதீர்த்தம் என்பர். இறைவன் அரங்குளநாதர் எனவும் அரதீர்த்தேசுவரர் எனவும் வழங்கப்பெறுவர், அம்மை பெரியநாயகி. பொன்னாலாகிய பனங்கனியை உதிர்த்த பனையொன்றைப்பற்றிய தலவரலாறு இவ்வூர்க்கு உண்டு. அப் பொற்பனையின் பெயரைத் தாங்கி அணிமையில் நிற்பது பொற்பனைக்கோட்டை. அக்கோட்டையில் 2023-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசின் தொல்லியல் துறையார் அகழாய்வு நிகழ்த்தினர். அரங்குளநாதர் திருக்கோயிற் கல்வெட்டுக்களும், புதுக்கோட்டைச் சமஸ்தானத்தார் 1929-இல் அச்சிட்ட கல்வெட்டுத் தொகுதி வாயிலாகப் புலவருலகம் அறிந்தனவேயாம். இங்ஙனம் மண்ணும் கல்லும் ஏடும் ஒருங்கே சான்று பகரும் பழம்பதி இது.

இப்பதியின் பெயர் தமிழ்நாட்டின் எல்லை கடந்து அறியப்பட்டது வேறொரு காரணத்தான் என்க. புதுதில்லியில் 1949-ஆம் ஆண்டு தோற்றுவிக்கப்பட்ட தேசியப் பொருட்காட்சிசாலையில், சதுர தாண்டவம் புரியும் செப்புத் திருமேனி ஒன்று உள்ளது. அதன் ஊர் திருவரங்குளம் என்றே கலைநூல்கள் குறிக்கின்றன. தில்லைக் கூத்தனது ஆனந்த தாண்டவத்தில் இடத்திருவடி குஞ்சிதமாய் மேலெழுந்து வீசி நிற்கும். இத்திருமேனியிலோ இரு முழந்தாளும் வளைந்து, திருவடிகள் முயலகன்மேற் பொருந்த ஐயன் ஆடுகின்றான். செப்புத் திருமேனிகளில் இவ்வமைதி மிக அரிது. கலைவல்லார் இதனை 9, 10-ஆம் நூற்றாண்டினது என மதிப்பர். சோழர்காலச் செப்புத் திருமேனிகளைப்பற்றிப் பேசும் நூல்கள் இதனை ஓதாது விடுவதில்லை.

கண்ணாடியின் முன் நிற்போர்க்கு அது கலைப்பொருள். அரங்குளநாதர் சந்நிதியில் நிற்போர்க்கு அஃது இத்தலத்துக் கூத்தப்பிரான். இவ்விரண்டினுள் எந்நோக்கு உண்மையானது? ஒன்றைக் காத்தல் என்றால் எதனைக் காத்தல்? இவ்வினாக்கள் திருவரங்குளத்துக்கு மட்டும் உரியன அல்ல. தமிழகத்துத் திருக்கோயில்கள் யாவற்றின் எதிர்காலமும் இவற்றுக்கு விடை காண்பதில் அடங்கியிருக்கின்றது.

இக்காலத்தில் திருக்கோயிற் காப்பைப்பற்றிப் பேசுவோர் இரு திறத்தர். ஒரு திறத்தார் பழம்பொருள் ஆராய்ச்சியாளர். கல்லும் செம்பும் அவற்றின் தொன்மையும் கெடாது நிற்றலே காப்பு என்பது அவர் துணிபு. மற்றொரு திறத்தார் திருப்பணிச் செல்வர். கோயில் புதுப்பொலிவு பெறுதலும் குடமுழுக்கு நிகழ்தலுமே காப்பு என்பது இவர் துணிபு. முன்னையோர் உயிரை விட்டு உடலைப் பற்றுகின்றனர். பின்னையோர் உயிரைப் போற்றுவதாகக் கருதி உடலைச் சிதைக்கின்றனர். இரு திறத்தார் கூற்றையும் முறையே எடுத்து ஆராய்தல் வேண்டும்.

முதற்கண் ஆராய்ச்சியாளர் கூற்று. "சிற்றூர்க் கோயிலில் இருளில் எண்ணெய்ப் பிசுக்கேறிக் கிடந்த திருவுருவம் தலைநகரில் ஒளிபெற்று நிற்கின்றது. பல நாட்டாரும் கண்டு தமிழர் கலையை வியக்கின்றனர். கள்வர் அச்சம் இல்லை. களிம்பேறும் அச்சமும் இல்லை. இதனினும் சிறந்த காப்பு யாது?" என அவர் வினவுவர்.

இக்கூற்றில் உண்மை சிறிது உண்டு, பிழை பெரிது. பொருட்காட்சிசாலை காப்பது உலோகத்தையும் வடிவத்தையுமே. திருமேனி என்பது இவ்விரண்டும் அன்று. இவ்விரண்டினையும் இடமாகக்கொண்டு மந்திரத்தானும் கிரியையானும் அன்பினானும் எழுந்தருளுவிக்கப்பட்ட அருளிடம் அது. மெய்கண்டதேவர் சிவஞானபோதத்தின் பன்னிரண்டாஞ் சூத்திரத்தில், மலம் நீங்கிய நிலையினரும் அடியார் திருவேடத்தையும் திருக்கோயிலையும் சிவனெனவே கொண்டு வழிபடுமாறு அறிவுறுத்தினர். முத்தி நிலையிலும் விடற்பாலதன்றாக ஆசிரியர் வைத்த ஒன்றைக் கலைப்பொருள் என்னும் ஒரு சொல்லால் அளந்துவிடல் பொருந்தாது. உற்சவமூர்த்திக்கு நீராட்டும் அலங்காரமும் திருவுலாவும் உரியன. திருவாதிரை நாளிலும் நீராடாத கூத்தப்பிரான் திருமேனியை முற்றும் காக்கப்பட்டதெனக் கூறுதல், நூலை மூடி வைத்து அது நன்கு ஓதப்பட்டது என்பதனோடு ஒக்கும்.

அற்றேல், "இறைவன் எங்கும் நிறைந்தவன் என்பது சைவர் கொள்கையன்றோ? திருவரங்குளத்தில் உள்ளவன் தில்லியில் இலனோ? இடமாற்றத்துக்கு வருந்துதல் சித்தாந்தத்துக்கு இழுக்காகாதோ?" என்பாரும் உளர். நுண்ணிதாகத் தோன்றும் இவ்வினாவுக்கு விடை எளிது. பாலில் நெய் எங்கும் உளது, எனினும் புலப்படுவதில்லை. தயிரில் அது விளங்கித் தோன்றும். இறைவன் யாண்டும் பாலில் நெய்போல் இருப்பினும், திருக்கோயிலிலும் அடியாரிடத்தும் தயிரில் நெய்போல் விளங்குவன் என ஆன்றோர் உணர்த்தினர். ஆகலின் இழப்பு இறைவனுக்கு அன்று, வழிபடும் உயிர்கட்கே என்க.

திருமேனிக்கும் தலத்துக்கும் உள்ள தொடர்பு வெறும் உணர்ச்சி அன்று, உரிமையும் ஆகும் என்பதனை மேனாட்டு நீதிமன்றமும் ஒப்புக்கொண்டது. தஞ்சைப் பகுதியிலுள்ள பத்தூரில் பாழ்பட்டுக் கிடந்த விசுவநாதசுவாமி கோயிலின் நிலத்தினின்று 1976-இல் வெளிப்பட்ட நடராசத் திருமேனி கள்ளத்தனமாக விற்கப்பட்டு இலண்டன் நகரை அடைந்தது. அதனை மீட்க நிகழ்ந்த வழக்கில், பூசையற்று இடிந்து கிடக்கும் கோயில் உரிமை கோருதற்கு இயலுமோ என்னும் வினா எழுந்தது. 1988-இல் ஆங்கில நீதிமன்றம் கோயிலின் சார்பாகத் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டிலும் 1991-இல் அது நிலைபெற்றது. திருமேனி தாயகம் மீண்டது. கோயில் பாழ்படினும் கோயிலின் உரிமை பாழ்படுவதில்லை என்பது இதனாற் பெறப்பட்டது. சைவர் தொன்றுதொட்டுக் கொண்ட கொள்கையைப் பிறநாட்டார் வழக்குமன்றத்தில் கேட்டு ஒப்பிய இச்செய்தி மறத்தற்பாலது அன்று.

இனி ஆராய்ச்சியாளர் கூற்றில் உள்ள உண்மையையும் மறைத்தல் கூடாது. அரியலூர் மாவட்டத்துச் சிறீபுரந்தான் திருக்கோயிலிற் பூசை அருகி, கதவும் காவலும் தளர்ந்திருந்த காலத்தில் அதன் நடராசத் திருமேனி களவாடப்பட்டது. ஆத்திரேலிய நாட்டுத் தேசியக் கலைக்கூடம் அதனை 2008-இல் விலைகொடுத்து வாங்கிற்று. 2014-இல் அந்நாட்டு முதல்வர் இந்தியாவுக்கு வந்து அதனைத் திருப்பி அளித்தனர். கொண்டுசென்றவன் கள்வன், ஆயினும் அவனுக்கு வழிதிறந்து விட்டது விளக்கற்ற கருவறையன்றோ? நாள்தோறும் ஒருகாலப் பூசையேனும் அன்புடன் நிகழும் கோயிலில் திருமேனி காணாமற் போனால் அன்றைக்கே தெரியும். பூட்டிய கோயிலிலோ பல திங்கள் கழிந்தும் தெரியாது. பொருட்காட்சிசாலையைப் பழிப்போர் தம் ஊர்க் கோயிலில் அந்திவிளக்கு எரிகின்றதா என முதலிற் பார்த்தல் வேண்டும்.

கும்பகோணத்தின் அருகே உள்ள சிவபுரத்தின் வரலாறு இதனினும் கொடிது. அங்கு 1951-இல் மண்ணினின்று வெளிப்பட்ட திருமேனிகள் பழுதுபார்த்தற் பொருட்டுக் கொடுக்கப்பட்டபோது, உண்மை நடராசர் மறைக்கப்பட்டுப் போலி உருவம் கோயிலுக்கு வந்தது. கோயிலில் உள்ளது போலி என்பதனை 1965-இல் டக்ளஸ் பாரட் என்னும் ஆங்கில அறிஞர் நூலில் எழுதிய பின்னரே உலகம் அறிந்தது. கடல்கடந்து அமெரிக்கா சென்ற திருமேனி, வழக்கும் உடன்படிக்கையும் முடிந்து 1986-இல் மீண்டது. காப்பு என்னும் பெயராலேயே களவு நிகழ்ந்தது என்பது ஈண்டு உற்றுநோக்கத்தக்கது. திருமேனியின் அளவும் எடையும் நிழற்படமும் கோயிலிலேயே பதிவாகியிருந்தால் போலி அன்றே வெளிப்பட்டிருக்கும்.

இனித் திருப்பணிச் செல்வர் கூற்று. "கோயில் வழிபாட்டுக்கு உரியது, பழைய எழுத்தைப் படித்தற்கு அன்று. கறுத்துக் கிடக்கும் சுவரை வெளுத்தலும், தேய்ந்த தளத்தை மாற்றிப் பளபளக்கும் கற்களைப் பரப்புதலும், சுதைக்கு வண்ணம் தீட்டுதலும் சிவபுண்ணியங்களே. இவற்றைத் தடுத்தல் சிவத்தொண்டைத் தடுத்தலாம்" என்பது இவர் வாதம்.

திருப்பணி சிவபுண்ணியம் என்பதில் ஐயம் இல்லை. எப்பணி திருப்பணி என்பதிலேதான் வழக்கு. சீர்ணோத்தாரணம் என்று ஆகமங்கள் கூறுவது, சிதைந்ததைச் சிதைந்த அளவிற்குச் செப்பஞ்செய்தலேயன்றிச் சிதையாததைச் சிதைத்துப் புதியது செய்தல் அன்று. மயமதம் முதலிய சிற்பநூல்கள் புதுப்பித்தலுக்கெனத் தனிப்பகுதி வகுத்திருத்தலே, அது விருப்பப்படி செய்யும் வேலை அன்று, விதிக்கு அடங்கிய வேலை என்பதனைக் காட்டும். உறுப்பிற் சிறிது பழுதுற்ற திருவுருவைச் செப்பஞ்செய்து கொள்ளுதலும், பேருறுப்புச் சிதைந்ததை வழிபாட்டினின்று நீக்குதலும் எனப் பழுதின் அளவு நோக்கியே விதி வேறுபடும். இவ்விதிகளைக் கேளாது கையிற் பணம் உள்ளமையே தகுதியாகக் கொண்டு செய்யும் வேலை திருப்பணி ஆகாது.

நிகழும் கேடுகளை எடுத்துரைப்பின் அவை பலவாம். கருங்கற் சுவரின் அழுக்கைப் போக்குதற்கு மணலைக் காற்றின் விசையால் வீசுகின்றனர். அழுக்கோடு கல்லின் மேற்றோலும் உரிந்துபோகின்றது; எழுத்தின் வரம்பு மழுங்கிப் பின்னர் எவராலும் படித்தற்கு இயலாதாகின்றது. சுண்ணாம்புக் காரையால் இணைத்த பழஞ்சுவர் ஈரத்தை உள்வாங்கி வெளியிட்டு மூச்சுவிடும் இயல்பினது. அதன்மேற் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளே தங்கி, உப்புப் பூத்து, செங்கலும் சுதையும் பொடிந்து உதிரும். கல்வெட்டு உள்ள அதிட்டானத்தை மறைத்துத் தரையை உயர்த்துவர். பெயர்த்த கற்களை எண்ணிடாது அடுக்கி, ஓர் அரசன் சாசனத்தின் தலையை மற்றோர் அரசன் சாசனத்தின் வாலொடு பொருத்துவர். மின்விளக்குக்கென்று சிற்பத்தின் மார்பில் ஆணி அறைவர். இவை யாவும் பத்தியின் பெயரால் நிகழ்கின்றன என்பதே துன்பத்துட் பெருந்துன்பம்.

"பழைய எழுத்து எற்றுக்கு?" என்பார்க்கு விடை வேண்டும். கல்வெட்டு அரசர் புகழை மட்டும் கூறுவது அன்று. நந்தாவிளக்கு ஒன்றுக்குத் தொண்ணூற்றாறு ஆடு அளித்தவர், திருவமுதுக்கு நிலம் விட்டவர், திருப்பதியம் பாடுவார்க்கு நெல் வகுத்தவர் ஆகியோரின் அன்பு அக்கல்லில் உறைகின்றது. அறம் செய்தோர், சந்திரனும் சூரியனும் உள்ளளவும் தம் தருமம் நிற்கவேண்டும் என வேண்டியே எழுத்தைக் கல்லில் அமைத்தனர். அதனை அழிப்பவன் வேலையாளே ஆயினும், ஏவிய செல்வனே ஆயினும், அவ்வறத்தை அழித்தவன் ஆகின்றான். மேலும் கோயிலின் நிலமும் உரிமையும் கேள்விக்குள்ளாகும் நாளில் கோயிலுக்குச் சான்றாக வருவது அக்கல்லன்றிப் பிறிது யாது?

இக்கருத்து மேனாட்டாரிடம் கற்ற புதுமை அன்று. திருமழபாடித் திருக்கோயில் விமானத்தை எடுத்துப் புதிதாகக் கட்டுமாறு முதல் இராசராசன் தன் 28-ஆம் ஆட்சியாண்டில் ஆணையிட்டபோது, அங்கிருந்த கல்வெட்டுக்களை முன்னரே புத்தகத்திற் படியெடுக்கச் செய்தான். அவை முதலாம் இராசேந்திரனது 14-ஆம் ஆட்சியாண்டில் புதிய விமானத்தில் மீண்டும் பொறிக்கப்பட்டன. செம்பியன்மாதேவியார் திருக்கோடிகாவில் திருக்கோயிலைக் கற்றளியாக்கியபோதும் பழங்கற்களில் இருந்த சாசனங்கள் புதுச்சுவரிற் படியாகப் பொறிக்கப்பட்டன. திருப்பணிக்கு இலக்கணமாக எடுத்துக்காட்டப்படும் அப்பெருமாட்டியாரும், தஞ்சைப் பெரிய கோயிலை எடுப்பித்த அவ்வேந்தனும் பிறர் செய்த சிறு தருமத்தையும் அழியவிடவில்லை. அவர்க்கு இல்லாத உரிமை இக்காலத்துச் செல்வர்க்கு எங்ஙனம் வந்தது?

இனி, கல்லை மட்டும் காக்கும் முறையின் எல்லையையும் காண்டல் வேண்டும். புதுக்கோட்டை மாவட்டத்திலேயே கொடும்பாளூர் மூவர் கோயில் உளது. பூதி விக்கிரமகேசரி என்னும் இருக்குவேள் எடுப்பித்த மூன்று விமானங்களுள் இரண்டே எஞ்சி நிற்கின்றன. தொல்பொருள் துறையினர் அவற்றை நன்கு பேணுகின்றனர். மூன்றாவது விமானத்தின் அடித்தளத்தின்மேல் கற்பனையாக ஒன்றைக் கட்டிவிடாது இருந்தபடியே வைத்திருத்தல் பாராட்டுக்குரியது. ஆயினும் அது வழிபாடு நின்ற கோயிலுக்கு ஏற்ற முறை. விளக்கெரியும் கோயிலுக்கு அதுவே முழுமுறை ஆகாது. அங்கே அபிடேகநீர் ஓடும், நெய்யும் எண்ணெயும் படும், தேர்வடம் இழுக்கப்படும். இவற்றைப் பழுது எனக் கொள்ளாது கோயிலின் உயிர்ப்பு எனக் கொண்டு, அவ்வுயிர்ப்பினால் உடலுக்கு ஊறு வாராதபடி செய்தலே அறிவுடைமை.

உலகத்தாரும் இந்நெறிக்கே வந்துகொண்டிருக்கின்றனர். 1964-இல் வெனிசு நகரிற் கூடிய வல்லுநர், ஊகம் தொடங்கும் இடத்தில் புதுப்பித்தல் நின்றுவிட வேண்டும் என விதித்தனர். 1994-இல் சப்பானிய நாட்டு நாரா நகரில் எழுந்த உடன்பாடு, பொருளின் மெய்ம்மையை அவ்வந்நாட்டுப் பண்பாடு நோக்கியே துணிதல் வேண்டும் என அதற்கு விளக்கம் தந்தது. அந்நாட்டு ஈசே என்னும் மரக்கோயில் இருபது ஆண்டுக்கு ஒருமுறை புதிதாக எடுக்கப்படுவது. 2013-இல் அங்ஙனம் எடுக்கப்பட்டது. அங்கே மரம் மாறும். அளவும் முறையும் மாறா. அளவும் முறையும் காத்தல் அவர் மரபு. அவற்றோடு கல்லையும் எழுத்தையும் காத்தல் சோழர் காலத்துத் தமிழர் மரபு. இம்மரபை விட்டவர் இருவர் நெறியினும் சேரார்.

ஆகலின் செயற்பாலன இவை. திருப்பணி தொடங்குமுன் கல்வெட்டுக்களை மைப்படி எடுத்தும் சுவர்களை நிழற்படம் எடுத்தும் வைத்தல் வேண்டும். புதுச்சேரிப் பிரெஞ்சு ஆராய்ச்சி நிலையத்தார் 1956 முதல் தமிழகக் கோயில்களில் எடுத்துவைத்த நிழற்படங்களே, களவுபோன திருமேனிகள் சிலவற்றை இன்ன கோயிலின எனத் துணிந்து மீட்டற்குச் சான்றாயின. ஓர் அயல்நாட்டு நிலையம் செய்த பணியைக் கோயிலார் தத்தம் கோயிலுக்குச் செய்துகொள்ளுதல் அரிதன்று. பெயர்க்கும் கல் ஒவ்வொன்றுக்கும் எண் இடல் வேண்டும். காரைக்குச் சுண்ணாம்பையும், தூய்மைக்கு நீரையும் மெல்லிய தூரிகையையும் கொள்ளல் வேண்டும். வழிபாட்டினின்று நீக்கப்பட்ட பழந்திருவுருக்களை மூலையில் எறியாது, 1910-இல் தோன்றிய புதுக்கோட்டைப் பொருட்காட்சிசாலை போன்ற இடங்களிற் சேர்த்தல் தகும். ஆகமம் வல்ல சிவாசாரியாரும், கைத்திறன் உள்ள தபதியும், கல்வெட்டு அறிந்த புலவரும், கட்டட வல்லுநரும் ஒருங்கிருந்து கையொப்பமிட்டாலன்றி ஒரு கல்லையும் அசைத்தல் கூடாது. சென்னை உயர்நீதிமன்றம் 2021 சூன் 7-ஆம் நாள் தொன்மைச் சின்னங்களையும் கோயில்களையும் காத்தற்பொருட்டு 75 கட்டளைகள் பிறப்பித்தது. ஆணை ஏட்டில் நிற்கும்; அதனைக் கோயில் வாயிலுக்குக் கொண்டுவருதல் அவ்வவ்வூர் அடியார் கடமை.

இனித் திருவரங்குளத்துச் சதுர தாண்டவப் பிரான் திருமேனிக்கு வருவோம். அது தன் தலத்துக்குரியது என்பதே சைவநெறிக்கு இயைந்த துணிபு. எனினும் உரிமை ஒன்றே போதாது. உரிமையைத் தாங்கும் தகுதியும் வேண்டும். மீட்கப்பட்ட திருமேனிகள் பல தத்தம் கோயிலை அடையாது பாதுகாப்பு மையங்களிற் பூசையின்றி அடுக்கப்பட்டிருத்தலை உலகம் அறியும். தில்லிக் கண்ணாடியினின்று எடுத்து மற்றோர் இருட்டறையில் வைப்பதற்கு மீட்டல் என்னும் பெயர் பொருந்தாது. நித்திய பூசையும், இரவுபகற் காவலும், அளவும் எடையும் நிழற்படமும் எழுதிய பதிவேடும், ஆண்டுதோறும் ஊரார் முன்னிலையில் அவற்றைச் சரிபார்க்கும் ஒழுங்கும் அமைந்த பின்னரே அவ்வேண்டுகோள் வலிமை பெறும். வேண்டுவோர் முதலில் தாம் வேண்டுவதற்கு உரியர் ஆதல் வேண்டும்.

அதுவரையும் இருசாராரும் செய்யத்தக்கது உண்டு. பொருட்காட்சிசாலையார் ஊர்ப்பெயரோடு நில்லாது, அரங்குளநாதர் திருக்கோயில் இன்றும் வழிபாட்டில் உள்ளது என்பதனையும் தம் பெயர்ச்சீட்டில் எழுதுதல் வேண்டும். காண்போர் கலையை வியப்பதோடு அதனைப் பெற்ற அன்பையும் அறிவர். திருவரங்குளத்தார் அத்திருமேனியின் நிழற்படத்தையும் வரலாற்றையும் தம் இளைஞர்க்குக் கற்பித்தல் வேண்டும். எஞ்சியிருக்கும் கல்லெழுத்து ஒவ்வொன்றையும் தம் கண்ணினும் மேலாகக் காத்தல் வேண்டும். போன செம்பை நினைந்து புலம்பிக்கொண்டு இருக்கும் கல்லை மணலால் உரிப்பது பேதைமையுட் பேதைமை.

உடலின்றி உயிர் இவ்வுலகில் விளங்காது. உயிரின்றி உடல் நில்லாது. கல்லும் செம்பும் எழுத்தும் கோயிலின் உடல். பூசையும் அன்பும் அதன் உயிர். இரண்டனுள் ஒன்றைக் காத்து ஒன்றைக் கைவிடுவோர் இரண்டனையும் இழப்பர். இதனை உணர்ந்து சைவ நன்மக்கள் தத்தம் ஊர்த் திருக்கோயிலுக்கு இன்றே சென்று, விளக்கிட்டு, சுவரிலுள்ள எழுத்துக்கள் நலமாக உள்ளனவா என நோக்கி வருவாராக. காப்பின் தொடக்கம் அதுவே.

திருச்சிற்றம்பலம்.